குங்குமம் அடைத்த வாள்

1

இந்தக் கதை ஒரு கல்யாணப் பந்தியில் பிறந்தது. இரண்டாம் முறை சோறு வருமா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து இலைக்காரர் தன் முப்பாட்டனார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு தீவு ராஜ்யத்துக்கே அரிசி அனுப்பியவர் என்றார். சோறு வரவில்லை. கதை வந்துவிட்டது.

(தீவின் பெயரைச் சொல்லமாட்டேன். ராஜாக்கள் போய்விட்டார்கள், ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள்.)

2

முதல் தொடக்கம்: ‘அலைகள் சீறின. தோணியின் முகப்பில் வாளோடு நின்ற வெள்ளத்துரையார், கரையில் காத்திருந்த ராஜாவை நோக்கி...’

வேண்டாம். கதை நடக்கும் சங்கரன்கோவிலில் அலை கிடையாது. அரிசி மில் உண்டு.

3

மில் முதலாளி மகாராஜன் பூஜை அறையிலிருந்து ஒரு பட்டுப் பொட்டலத்தைக் கொண்டுவந்து தேவமணியின் முன் அவிழ்த்தார். முழ நீளத்தில் கூரான இரும்பு. மேலெல்லாம் தலைமுறை தலைமுறையாக அப்பிய சந்தனம், குங்குமம்.

“எங்க முப்பாட்டன் வெள்ளத்துரையாருக்கு அந்தத் தீவு ராஜா குடுத்த வாளு. கும்பிட்டுக்கிடுங்க டீச்சர்.”

“நாங்க சர்ச்சுக்காரங்க சார்... வாளு கொஞ்சம் குட்டையா இருக்கே?”

“ராஜாவே குட்டைதானாம்.”

தேவமணி அவர் நடத்தும் பள்ளியில் ஆறு வருடமாகத் தற்காலிக வரலாற்று ஆசிரியை. வெள்ளத்துரையார் சிலைத் திறப்புக்கு விழா மலர் எழுதுவது அவள்தான். “மலர் நல்லா வரட்டும், ஜூன்ல ஒங்கள பெர்மனென்ட் ஆக்குதேன்” என்று வாக்கு. மில் வாசலில் வெள்ளத்துரையார் குதிரைமேல், துணி போர்த்தித் தயாராக இருந்தார். கையில் நாலு முழ வாள். சிற்பிக்குக் குட்டை ராஜாவில் நம்பிக்கை இல்லை.

(தேவமணியை இன்னும் துணிச்சல்காரியாக எழுதியிருக்கலாம். ஆறு வருடம் தற்காலிகமாக இருந்து பார்த்துவிட்டு அதைச் சொல்லுங்கள்.)

4

திறப்பு நாள் காலை. மகாராஜனும் தேவமணியும் பக்கத்தில் நிற்க, வாளைக் கழுவி வைக்கும் பொறுப்பு மில் ஆள் இசக்கித்துரைக்கு. மில்லுக்கு வரும் மூட்டைகளில் குத்தூசியைச் செருகி, அதன் குழிவழியே உள்ளங்கையில் விழும் அரிசியைச் சோதிப்பது அவன் வேலை. இருபது வருடப் பழக்கம்.

வெந்நீரில் குங்குமம் பாளம் பாளமாகக் கழன்றது. உள்ளே நீளக் குழி. கை தானாகப் பக்கத்து மூட்டையில் செருகியது. சரசரவென்று அரிசி இறங்கியது. ஒரு மணியைக் கடித்தான்.

“ஈரமா இருக்கு அண்ணாச்சி. திருப்பி அனுப்பிருவோமா?” பிறகுதான் கையைப் பார்த்தான். “இது குத்தூசில்லா!”

“ஏலே, வாயை மூடு. வாளுலே இது” என்றார் மகாராஜன்.

“வாளுக்கு எதுக்கு அண்ணாச்சி குழி?”

“ரத்தம் வடியதுக்கு!”

வாசலில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள். மகாராஜன் தேவமணியிடம் திரும்பினார். “டீச்சர், நீங்க படிச்சவங்க. இது என்னன்னு இவனுக்குச் சொல்லுங்க.”

தேவமணி நினைத்துப் பார்த்தாள்: தோணியில் ஏறுமுன் மூட்டை மூட்டையாகக் குத்திப் பார்த்து, ஈர அரிசியை ராஜா வாயில் படுமுன் திருப்பி அனுப்பிய ஒரு மனிதர். குதிரை இல்லாத வெள்ளத்துரையாரை அவளுக்கு முதல்முறையாகப் பிடித்துப்போனது.

5

முடிவு ஒன்று: ‘வாள்’ என்கிறாள். ஜூனில் நிரந்தரமாகி, பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறாள்.

முடிவு இரண்டு: ‘குத்தூசி’ என்கிறாள். மகாராஜன் கண்கலங்கி, சிலையைக் குதிரையிலிருந்து இறக்கி... எனக்கே சிரிப்பு வருகிறது.

நடந்தது இவ்வளவுதான். இசக்கித்துரை அரிசியை அவள் உள்ளங்கையில் கொட்டினான். “நீங்களே பாத்துச் சொல்லுங்க டீச்சர்.” அவள் ஒரு மணியை வாயில் போட்டுக் கடித்தாள். ஈரம்தான். வாயைத் திறந்தாள்.

அடுத்த வரி எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பந்தியின் பக்கத்து இலைக்காரர், அதாவது மகாராஜன், இந்தக் கதையைப் படிப்பார். என் தம்பி மகளுக்கு அவர் பள்ளியில் ஒரு சீட் கேட்டிருக்கிறேன். ஆகவே, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.