விருந்தாளி ஜெர்கின்கள்

தோப்பிலிருந்து மாங்காய் ஏற்றி வந்த பிக்கப் வண்டியின் பானெட்டில் நான்கு பெண்கள் உள்ளங்கைகளைப் பதித்து நின்றார்கள். எஞ்சின் சூடு இன்னும் ஆறவில்லை. மலையாள எல்லையோர ஊரான முதலமடையின் வெயில் தரையைப் பொசுக்கிக்கொண்டிருந்தது. தலையில் துண்டும் சேலைக்கு மேல் புருஷன்மாரின் சட்டையுமாக அவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பழப்பெட்டி அடுக்கும் குளிர் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார்கள்.

"நல்லா சூடு புடிச்சுட்டுப் போங்க்கா, அவசரமில்ல" என்றாள் ஷிப்ட் பொறுப்பாளர் ரஜீனா.

"பெரிய சாரு வர்ற நாளும் அதுவுமா உனக்குத் திட்டு விழுமே அம்மிணி" என்றாள் பூமாரி. அவள் விரல் நுனிகள் வெளுத்திருந்தன. "நீ மேனேஜராகோணும்னு மாரியம்மனுக்கு வெளக்குப் போட்டிருக்கறேன்."

"எங்கம்மா பள்ளிவாசல்ல நேந்திருக்குது. மேல ரெண்டு பக்கமும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்."

பெண்கள் சிரித்தார்கள்.

இங்கே அடுக்கும் பெட்டிகள் கொச்சியில் கப்பலேறி வளைகுடாவின் ஜெபல் அலி துறைமுகத்தில் இறங்கும். லேபிள் ஒட்டும் வேலைக்கு வந்த ரஜீனா, தபால் வழியில் லாஜிஸ்டிக்ஸ் படித்து, கம்பெனி நடத்திய தலைமைப் பயிற்சியையும் முடித்திருந்தாள். இப்போது மேனேஜர் இடம் காலி. அது கிடைத்தால் அடுத்தது கொச்சி. அதற்கும் அப்பால், தன் பெட்டிகள் இறங்கும் அந்தத் துறைமுகத்தை ஒருநாள் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. அவளுக்கும் ஆபீசிலிருக்கும் ஜோமோனுக்கும்தான் போட்டி. முடிவு செய்ய மண்டலத் தலைவர் ராஜசேகர் வருகிறார்.

அவள்மேல் ஒரே ஒரு புகார் இருந்தது. அவள் பெண்களை வெளியே விட அடிக்கடி கதவைத் திறக்கிறாள்; உள்ளே வெப்ப அளவு ஏறுகிறது; கொச்சியில் அது பதிவாகிறது. பெண்களுக்கு ஜெர்கின் கேட்டபோதெல்லாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். ஆபீஸ் கண்ணாடி அலமாரியில் கம்பெனி பெயர் போட்ட நான்கு புது ஜெர்கின்கள் தொங்கின. அவை பார்வையிட வரும் பெரிய மனிதர்களுக்கு.

காலையிலேயே ராஜசேகர் போனில் சொல்லியிருந்தார். "இன்னைக்குக் கதவு தொறக்கக் கூடாது. ஜெர்கினை எடுத்து வை. லீடர்னா ஆளுங்களைக் கைக்குள்ள வச்சிருக்கணும், புரியுதா?"

ரஜீனா ஜெர்கின்களை எடுத்து வந்தாள். குளிர் அறை வாசலில், கையிலிருந்த டேப்பைக் கிழிக்க முடியாமல் பூமாரி பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். ரஜீனா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு ஜெர்கினை விரித்துப் பிடித்தாள்.

"ஐயோ வேண்டா அம்மிணி. மாங்காப் பாலு பட்டாக் கறையாயிரும்."

"கையை நீட்டுங்க்கா."

ஜிப்பைப் பிடிக்கப் பூமாரியின் விரல்கள் மடங்கவில்லை. பிஸ்மில்லா என்று முணுமுணுத்து ரஜீனாவே அதைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். மற்ற மூன்று பேருக்கும் கொடுத்தாள்.

ராஜசேகர் ஜோமோனோடு வந்தபோது அலமாரி காலியாக இருந்தது.

"ஜெர்கின் எங்க?"

"உள்ள வேலை செய்யுதுங்க சார்."

"இனி மாங்காயும் ஸ்வெட்டர் கேக்குமோ ரஜீனா?" என்று ஜோமோன் சிரித்தான்.

"இருக்கட்டும்" என்றார் ராஜசேகர். "நான் மூணாறு தேயிலைத் தோட்டத்து லயத்துல பொறந்தவன். குளிரெல்லாம் நமக்குப் பழக்கம்." அரைக்கைச் சட்டையோடு உள்ளே போய், பெண்களிடமும் அதையே சொன்னார். ஜோமோன் வெளியிலேயே நின்றுகொண்டான்.

ரஜீனா கதவைச் சாத்திவிட்டு, முதல் வரிசையிலிருந்து நிதானமாக விளக்கத் தொடங்கினாள். இரண்டாம் வரிசைக்கு வரும்போது அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். மூன்றாவதில் பல் கிட்டியது.

"போதும்மா. கதவைத் தொற."

"தொறந்தா அளவு ஏறுங்க சார்."

அவர் அவளை முறைத்தார். அவள் திறந்தாள்.

வெளியே வந்தவர் நேராக பிக்கப் வண்டிக்குப் போய் பானெட்டில் இரு கைகளையும் வைத்தார். பின்னாலேயே வந்த பூமாரி, தன் பிளாஸ்கிலிருந்து பால் சேர்க்காத கட்டன் சாயாவை மூடியில் ஊற்றி நீட்டினாள். "குடிங்க சார், நடுக்கம் நின்னுரும்." அவர் குடித்தார்.

"லயத்தை விட்டு ரொம்ப நாளாச்சாட்ட இருக்குது, பாவம்" என்றாள் அவள், பக்கத்திலிருந்தவளிடம்.

"சார்" என்றாள் ரஜீனா. "பழத்துக்கு எவ்வளவு குளிர் வேணும்னு செவுத்துல எழுதி வெச்சிருக்கறோம். இவிங்க எவ்வளவு தாங்குவாங்கன்னு எங்கயும் எழுதலீங்க. நான் கதவைத் தொறந்துட்டுத்தான் இருப்பேன். மேனேஜரானாலும் அப்படித்தானுங்க."

ராஜசேகர் மூடியைப் பூமாரியிடம் திருப்பிக் கொடுத்தார். "நல்ல சாயா" என்றார். காரில் ஏறினார்.

சாயங்காலம் செய்தி வந்தது. ஜோமோன் மேனேஜர்.

"எங்களாலதான அம்மிணி" என்று பூமாரி கண்ணைத் துடைத்தாள்.

"ஜெபல் அலி எங்கயும் ஓடிப்போவாதுக்கா. மறுக்காக் கேப்பேன்."

ஒரு வாரத்தில் ஜெர்கின்கள் சலவையிலிருந்து திரும்பி வந்தன. கண்ணாடி அலமாரிக்குப் புதுப் பூட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு ஜெர்கினின் கையில் மாங்காய்ப் பால் கறை மட்டும் கறுப்பாக அப்படியே இருந்தது. அந்தக் கை வெளியே தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருந்தது.

அளவு ஏறிவிட்டதென்று குளிர் அறையில் எச்சரிக்கை மணி அலறிக்கொண்டிருந்தது. திறந்த கதவு மூடிவிடாதபடி அதில் முதுகைச் சாய்த்து ரஜீனா நின்றாள். கடைசியாகப் பூமாரி, புருஷன் சட்டையின் பொத்தான்களைப் பிடித்தபடி, வெயிலுக்கு வந்துகொண்டிருந்தாள்.