நன்றி: ஜெபசெல்வி, தாராவி

படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகிறவனைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைசிப் பெயர் மறையும்வரை நான் உட்கார்ந்திருப்பேன். அந்தப் பழக்கம்தான் இப்போது ஓர் உயிருக்கு உலை வைத்திருக்கிறது.

என் பெயர் கணேசபாண்டியன். தாராவியில் மிக்ஸி ரிப்பேர் கடை. கூட்டமில்லாத மதியங்களில் போனை ஒரு ஜாடியில் சாய்த்து வைத்துச் சினிமாவைப் பற்றிப் பேசுவேன். யூட்யூபில் எட்டாயிரம் பேர் கேட்கிறார்கள். என் கட்சி எப்போதும் ஒன்றுதான். இன்றைய டைரக்டர்களில் பாதிப் பேர் பழைய படத்தின் காட்சியை அப்படியே உருவிக்கொள்கிறார்கள். பிடிபட்டால் ட்ரிப்யூட் என்பார்கள், பிடிபடாவிட்டால் சொந்தச் சரக்கு என்பார்கள்.

போன வாரம் வந்த படம் எங்கள் சந்தின் கதை. முப்பது வருஷத்துக்கு முன், தண்ணீர்க் குழாய்க் கமிட்டியில் இருந்த வெயிலுமுத்துவை அவர் வீட்டுக்குள்ளேயே குத்திக் கொன்றார்கள். சாட்சி இல்லாமல் வழக்கு செத்தது. அதை வைத்து அப்போதே ஒரு படம் வந்தது. கொட்டும் மழை, ஆறு அடியாட்கள், சந்துக்குள் துரத்தல். புதுப் படத்தை எடுத்த பெண்ணும் அதே மழை, அதே கேமராக் கோணம் என்று ஆரம்பித்தாள். இன்னொரு திருட்டு என்று தியேட்டரிலேயே கொதித்தேன்.

ஆனால் துரத்தல் வரவில்லை. ஒருவன் மட்டும் வந்தான். வெயிலுமுத்துவோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டான். குத்தினான். பிறகு தான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.

கவிழ்ந்த அந்தத் தட்டை நான் பார்த்திருக்கிறேன். பிணத்தைத் தூக்க உள்ளே போன நாலு பேரில் நானும் ஒருவன், அப்போது இருபது வயது. போலீஸ் கண்டுகொள்ளாத, பேப்பரில் வராத தட்டு. இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னது? கடைசியில் பெயர்கள் ஓடியபோது தெரிந்தது. ‘நன்றி: ஜெபசெல்வி, தாராவி.’ வெயிலுமுத்துவுக்கு எதிர்வீட்டில் குடியிருந்த அக்கா.

அன்றே வீடியோ போட்டேன். பழசைக் கும்பிடுவது வேறு, பழசைப் புதிதாகப் படைப்பது வேறு என்றேன். டைரக்டர் கண்ணால் பார்த்தவரைத் தேடிப்போய்க் கேட்டிருக்கிறாள், பார்த்தவர் எங்கள் ஜெபசெல்வி அக்கா, பெருமையெல்லாம் அவருக்கே என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். முப்பதாயிரம் பேர் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் ஞானதுரை அண்ணாச்சி கடைக்கு வந்தார். மாஹிமில் இரண்டு லெதர் கடை வைத்திருப்பவர், எங்கள் ஆட்கள் கூடும் எந்தக் கூட்டத்திலும் முதல் நாற்காலி அவருக்குத்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வீடியோ பிரமாதம் என்றார். அக்காவுக்குச் சங்கத்தில் ஒரு சால்வை போட வேண்டும், இப்போது எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். ஐரோலியில் மகன் வீட்டில் இருப்பதையும், கட்டடத்தின் பெயரையும், எத்தனையாவது மாடி என்பதையும் நான்தான் சொன்னேன். அவர் போனில் என்னவோ தட்டிவிட்டு, அரை கிளாஸ் கட்டிங் சாய் இரண்டு கொண்டுவரச் சொன்னார்.

ஒரு மணி நேரம் சினிமா பேசினோம். எது மரியாதை, எது திருட்டு என்று நான் அடுக்க அடுக்க அவர் தலையாட்டினார். இவ்வளவு பொறுமையாக என் பேச்சை யாரும் கேட்டதில்லை. மனசு குளிர்ந்துபோய் இருந்தது. அப்போதுதான் அவர் சொன்னார்.

“எல்லாம் சரியாத்தான் எடுத்திருக்கா. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. தட்டை சோப்புப் போட்டுக் கழுவுத மாதிரி காட்டுதா. அந்த வீட்டுல சோப்பு ஏதுவே? சாம்பல்தான்.”

சாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். எதிர்வீட்டிலிருந்து பார்த்தவருக்கு அது தெரிந்திருக்க முடியாது. கழுவியவனுக்குத்தான் தெரியும்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். “உக்காரும்வே. இன்னும் கொஞ்சம் பேசுவோம்.”

உட்கார்ந்தேன். பயம்தான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. என் போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது, எடுக்கவில்லை. அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் வெட்கங்கெட்டுப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவருடைய போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டார், சரி என்றார், சாய்க்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அக்காவின் நம்பரை அழுத்தினேன். எடுத்தது மருமகள். அத்தை போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார் என்றாள்.

“கார் நீங்கதானே அனுப்பிச்சீங்க அங்கிள்? இன்டர்வியூ எடுக்கணும்னு சொன்னாங்க. அத்தை முதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னாங்க. கார்ல வந்த ஆள் போன்ல உங்க வீடியோவைக் காமிச்சாரு. உங்க முகத்தைப் பார்த்ததும், நம்ம கணேசன்தானேன்னு சொல்லிட்டு புடவை மாத்திக்கிட்டுப் போனாங்க.”