லைன் கெடுக்காத சீட்

ஒரு திங்கட்கிழமை காலை பல் டாக்டரின் இத்தாலிய மோட்டார் சைக்கிளுக்கு வால் நான்கு விரல் குறைந்திருந்தது. யாரும் அதை வெட்டவில்லை. முந்தின நாள் பேக்கரி வாசலில் கூடிய பைக் பிரியர்கள் வால் கொஞ்சம் நீளம் என்று சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். டாக்டர் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு, மருந்துக்கடை நடத்தும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் எட்டிப் பார்த்து, "நல்லதாப் போச்சு, கேட் மூட ஈஸியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போனார்.

அந்த வண்டி ஷோரூமில் வாங்கியது அல்ல. எஞ்சின் மட்டும் இத்தாலியிலிருந்து மரப்பெட்டியில் வந்தது. மற்றதெல்லாம் ஒரு வெல்டர் டாக்டரை வருடக்கணக்கில் அலையவிட்டுக் கையால் செய்தவை. வேலை ஆரம்பிக்கும்போது மனைவி வண்டியின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "நான் எங்கங்க உக்கார்றது?" என்று கேட்டார். பின்னால் இன்னொரு சீட் வைத்தால் வண்டியின் லைன், அந்த ஒரே வீச்சான வடிவம், கெட்டுவிடும் என்றார் டாக்டர். கல்யாணமான புதிதில் ஓர் ஓட்டை பைக்கில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றிய மனைவிக்கு அது சுருக்கென்று தைத்தது. அதன் பிறகு அந்த வண்டியின் அழகைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பைக் பிரியர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருடைய வண்டியானாலும் பார்த்தவுடன் ஒரு குறை சொல்லியாக வேண்டும். பாராட்டுவது சேல்ஸ்மேன்கள் வேலை. அவர்களில் மூத்தவர், 'மில்லிமீட்டர்' என்று பெயரெடுத்த ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவரிடம் பைக் கிடையாது, பஸ்ஸில் வருவார். சைலன்ஸர் பக்கவாட்டில் துருத்துகிறது என்றார். மறுநாள் அது சீட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. முன் விளக்கு விஷயத்தில் கூட்டம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டதால், வண்டி பாவம், கொஞ்ச காலம் வலக்கண் வட்டமும் இடக்கண் சதுரமுமாக நின்றது. டேங்க் மெலிந்து மெலிந்து ஒரு டம்ளர் பெட்ரோல்தான் பிடித்தது. டாக்டர் வீட்டுக்கும் பெட்ரோல் பங்க்குக்கும் மட்டுமே ஓட்டினார், ஆனாலும் பெருமை தாங்கவில்லை.

வண்டியில் குறை சொல்ல எதுவும் மிச்சமில்லாமல் போனபோதுதான் வினை வந்தது. "டாக்டர் தொப்பைதான் டேங்கை மறைக்குது" என்றார் ஒருவர். தொப்பை ஒரே ராத்திரியில் காணாமல் போனது. டாக்டர் பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக நடமாடினார். அடுத்த வாரம் மில்லிமீட்டர் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "எல்லாம் பக்கா. மேல ஆள் இல்லாம இருந்தா லைன் இன்னும் சுத்தமா இருக்கும்." எல்லோரும் தலையாட்டினார்கள். டாக்டரும் ஆட்டினார்.

மறுநாளிலிருந்து ஆளில்லாத பைக் ஒன்று தெருவில் போய்வந்தது. போலீஸ்காரர் மடக்கியபோது காற்றிலிருந்து ஒரு லைசென்ஸ் நீண்டது, சரிபார்த்து அனுப்பினார். முதலில் வண்டியை விட்டு இறங்கினால் டாக்டர் தெரிந்துவிடுவார். போகப் போக இறங்கியும் தெரியவில்லை. கிளினிக்கில் டிரில் மட்டும் அந்தரத்தில் வேலை செய்தது. வாயைத் திறந்தவுடன் கண்ணை மூடிக்கொள்வது நோயாளிகளின் பழக்கம் என்பதால் தொழில் கெடவில்லை. வீட்டில்தான் கஷ்டம். சாப்பாட்டு மேஜையின் எதிர் நாற்காலியிலிருந்து குரல் மட்டும், அதுவும் தேய்ந்துபோய், "உப்பு கொஞ்சம் தள்ளு" என்றது. மனைவி உப்பைத் தள்ளினார். இத்தனை வருடக் கோபம் போன இடம் தெரியவில்லை. இந்த மனிதர் நிஜமாகவே இல்லாமல் போய்விடுவார் என்ற பயம்தான் மிஞ்சியது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கடையைச் சாத்திவிட்டு பேக்கரி வாசலுக்கு வந்தார். பைக் ஸ்டாண்டு போடாமலே நேராக நின்றது. டாக்டர் அதன் மேல்தான் இருந்தார்.

"நானும் ஒரு குறை சொல்லலாமா?"

"தாராளமா சொல்லுங்க மேடம்" என்றார் மில்லிமீட்டர்.

"இவ்ளோ நாளா பாக்கறீங்களே, இதுல ரெண்டு பேர் உக்கார முடியாதுங்கறது ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

மற்றவர்கள் சொன்னதற்கு ஒரு ராத்திரி எடுத்துக்கொண்ட வண்டி, இதற்கு ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. சீட் பின்னால் நீண்டது, மெத்தென்று தடித்தது, கால் வைக்க இரண்டு பக்கமும் கம்பி முளைத்தது. "ஐயோ, லைன் போச்சே!" என்று மில்லிமீட்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். வண்டி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி ஏறி உட்கார்ந்து, தோள் இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்தார். தோள் இருந்தது. கை பட்ட இடத்திலிருந்து சட்டை தெரிந்தது, பிறகு கழுத்து, பிறகு காது, கடைசியில் தொப்பை.

"கோவமா?" என்று கேட்டார் டாக்டர், திரும்பாமல்.

"ரொம்ப. வண்டிய எடுங்க."

தெருமுனைக்கு வந்ததும் மனைவி, "உங்க மூஞ்சி தெரியவே மாட்டேங்குதே" என்றார். ஹேண்டிலின் இடப்பக்கம் ஒரு கண்ணாடி மொட்டுவிட்டு, விரிந்து, டாக்டரின் பக்கம் திரும்பிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் கீழ" என்றார் மனைவி. அதுவும் இறங்கிக்கொண்டது.