ஒரு விசிலுக்குப் பாய்ந்தவர்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டுகிறவருக்கு சைக்கிள் கிளப்பில் வைத்த பெயர் அட்டை. முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு, எதிர்காற்றையெல்லாம் அவன் முகத்தில் வாங்கவிட்டு, நோகாமல் வருகிறவனுக்கு அந்தக் கூட்டத்தில் அதுதான் பட்டம். வைத்தது வேறு யாருமில்லை, மனைவியின் சொந்த அண்ணன். அச்சகக்காரர், கிளப்புக்குக் கேப்டன்.

"மாப்ள, அடுத்த மாசம் மூணு பேர் போட்டி. நீ, நான், பல் டாக்டர். மூணாவது ஆள் கோட்டைத் தாண்டுற நேரம்தான் கணக்கு. உன் முறைக்கு நீ முன்னால வந்து காத்தை வாங்கிக்கிட்டு எங்களை இழுக்கலேன்னா, அப்புறம் உன் இடத்துக்கு வேற ஆள் பாத்துக்குவேன். தங்கச்சி முகத்துக்காக எத்தனை நாள்தான் உன்னைச் சுமக்குறது?"

அட்டை வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவர். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும்.

"என்னங்க, ஒட்டிக்கிட்டே வந்தா காலுக்கு எப்படி வலு வரும்? குளத்துல பிள்ளைங்களைப் படுத்துற பாட்டை உங்களையும் படுத்துறேன். வாங்க."

படுக்கையறையில், நின்ற இடத்திலேயே மிதிக்கிற மாதிரி சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டினார்கள். ஒரு விசில் என்றால் உயிரைக் கொடுத்து மிதிக்க வேண்டும். இரண்டு விசில் என்றால் மெல்ல. மூச்சு திரும்பி வருவதற்குள் மறுபடி ஒரு விசில். வியர்வை தரையில் சொட்டி வழுக்கியது. கண்ணுக்குள் பூச்சி பறந்தது. கீழ்வீட்டு அக்கா படியேறி வந்துவிட்டார்.

"மேல என்ன, மாவு மில்லா வச்சிருக்கீங்க?"

"ஆமாக்கா. இவரைத்தான் அரைச்சிட்டிருக்கேன்."

போட்டி நாள் வந்தது. பாதித் தூரம் வரை மூவரும் மாறி மாறி இழுத்தார்கள். அட்டையும் தன் முறைக்கு வந்தார். 'பரவாயில்லையே' என்பது போல மச்சான் டாக்டரைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்துத்தானா ஒரு நாற்சந்தி வர வேண்டும்? குறுக்கே வந்த வேனை நிறுத்த, அங்கே நின்ற காவலர் ஓங்கி ஒரு விசில் ஊதினார்.

அவ்வளவுதான். புத்தி யோசிப்பதற்குள் கால் பாய்ந்துவிட்டது. காதில் காற்று இரைந்தது. எங்கோ பின்னால் மச்சானின் குரல் தேய்ந்தது. இரண்டு விசில் வரும், வரும் என்று கால் காத்திருந்தது, வரவில்லை. திரும்பிப் பார்த்தால் இரண்டு பேரும் எறும்பு மாதிரித் தெரிந்தார்கள்.

ஐயோ, கெடுத்தேனே என்று மிதிப்பதை விட்டார். அவர்கள் வந்து சேர்ந்தபோது மூச்சிரைப்பில் டாக்டரின் வாய் மூடவேயில்லை.

"யாரு கூப்பிட்டாங்கன்னு இப்படிப் பறந்த? உன்னைத் துரத்தியே எங்களுக்கு எண்ணெய் தீந்துபோச்சு!" என்றார் மச்சான்.

"தெரியாம போயிட்டேன் மச்சான். பின்னால வாங்க, நான் இழுக்குறேன்."

வேறு வழியில்லை. அவர் முன்னால் போனார், இவர்கள் ஒட்டிக்கொண்டார்கள். காற்று முகத்தில் அறைந்தது. ஆனால் ஒரு அதிசயம். மூச்சு முட்டும், கொஞ்சம் தளர்த்தினால் உடனே திரும்பி வரும். படுக்கையறையில் அரைபட்டது வீண் போகவில்லை.

கடைசி மேட்டில் மனைவி நின்றிருந்தார். விசிலை வாயில் வைப்பதைப் பார்த்த மச்சானுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

"தாயே, ஊதாத! ஊதாத!"

அதற்குள் மச்சான் ஒரு சைக்கிள் நீளம் பின்தங்கிவிட்டார். அது முன்னால் போகிறவருக்குத் தெரியாது, மேட்டில் நின்றவருக்குத் தெரிந்தது. இரண்டு விசில் ஊதினார். கால் தளர்ந்தது, இடைவெளி மூடியது, மூவரும் ஒட்டியபடியே கோட்டைத் தாண்டினார்கள்.

பரிசு கிடைக்கவில்லை. போன வருடத்தை விடக் குறைந்த நேரத்தில் முடித்தார்கள், அவ்வளவுதான். மச்சான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு புல்லில் மல்லாந்து கிடந்தார்.

"கேப்டன், இன்னைக்கு அட்டை யாரு?" என்றார் டாக்டர்.

"நாமதான்யா. ஒத்துக்குறேன், விடு." துண்டை விலக்காமலே தங்கையைக் கூப்பிட்டார். "ஏம்மா, அந்த விசிலை எடுத்துக்கிட்டு வாரத்துல ரெண்டு நாள் நம்ம வீட்டுக்கும் வருவியா?"

"வரேண்ணா. முதல்ல உன் கீழ்வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சுடு."