தலைவரின் குரல்

மனமகிழ் மன்றத்தின் இருபத்திரண்டாம் ஆண்டு கலைவிழாவில், மாலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, தலைவரின் குரல் அவர் வாயை விட்டுக் கிளம்பி, திரைக்குப் பக்கத்தில் நின்ற டோக்கன் அக்காவிடம் போய்ச் சேர்ந்தது. வரவேற்புரை அப்போது ஒரு மணி நேரம் பத்து நிமிடத்தைத் தாண்டியிருந்தது. தலைவரின் உதடுகள் அதுபாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தன. மைக்கில் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. கூட்டத்தில் யாரும் பதறவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் "அப்பாடா" என்றார்.

டோக்கன் அக்காவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியின் புறநோயாளிகள் பிரிவில் டோக்கன் எண் கூப்பிடும் வேலை. காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை கம்பிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்களை மட்டும் சொல்லுவாள். வீட்டிலோ கணவரும் கொழுந்தனாரும் வாய் ஓயாதவர்கள். அவள் 'ம்' கொட்டுவதோடு சரி. ஆக, வருஷம் முழுக்க அவள் வாய்க்குக் கிடைத்தது எண்களும் 'ம்'மும்தான். விழாவில் ஆளுக்கு ஆறு நிமிடம் என்பது மன்றத்தின் வழக்கம். அந்த ஆறு நிமிடத்துக்காகத்தான் அவள் மீதி வருஷத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

அவள் செய்தது பலகுரல். யார் குரலை எடுத்தாலும், எதன் சத்தத்தை எடுத்தாலும், அது முடியும்வரை உரியவரிடம் இருக்காது. ஐந்தாம் ஆண்டு மிக்ஸி மாதிரி சத்தம் கொடுத்தாள். அடுத்த தெருவில் ஒரு மிக்ஸி சத்தமே இல்லாமல் அரைத்து முடித்தது. எட்டாம் ஆண்டு ரயில் மாதிரி கூவினாள். ஆறே கால் வண்டி பூனை நடையில் ரயில்வே கேட்டைக் கடந்துபோக, கேட் காப்பாளர் புகார்க் கடிதம் எழுதினார். ஓடும் வாகனங்களின் சத்தத்தை எடுக்கக் கூடாது என்று செயற்குழு தீர்மானம் போட்டது. அதன்பிறகு மனிதர்கள். குரல் போன ஆட்கள், குடை இரவல் கொடுத்தவர்களைப் போலக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். சில மனைவிமார் தங்கள் வீட்டுக்காரரின் பேரைச் சீட்டில் எழுதி அக்காவுக்குக் கொடுத்தனுப்பியதும் உண்டு.

வினை இருபத்தோராம் ஆண்டு வந்தது. அக்கா தலைவரின் குரலை எடுத்து, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் இரண்டு பெண்களுக்கு நன்றி சொன்னாள். பன்னிரண்டு வருஷமாகத் தலைவராக இருந்தும் அவர் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. கூரை பிய்ந்துபோகிற மாதிரி கைதட்டல். தலைவர் கறுவிக்கொண்டார். மறுவருஷப் பட்டியலில் பலகுரல் இல்லை. அக்கா அவருடைய இரும்புக்கடைக்கே போய் நின்றாள்.

"லிஸ்ட்ல என் பேர் இல்லையே சார்?"

"இந்த வருஷம் நேரமில்லம்மா."

"ஆறு நிமிஷம்தானே கேக்கறேன்."

"நீ வாயத் திறந்தா மத்தவங்க ஊமையா உக்காரணும். அது கலையில்ல, கோளாறு. ஆஸ்பத்திரியிலதானே வேலை பாக்கற? காட்டு."

அக்கா இதற்கு 'ம்' கொட்டவில்லை. தலைவர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, செயலாளர் நிகழ்ச்சிகளை அறிவித்தார். செயலாளர் கணக்கு வாத்தியார். நறுக்கென்று பேசிப் பேர் வாங்கிவிட்டார். தலைவருக்கு வயிற்றெரிச்சல். மறுவாரமே விதிப்புத்தகத்தில் பதினான்காம் விதியைத் தன் கைப்பட எழுதிச் சேர்த்தார்: தலைவரின் குரலில் அறிவிக்கப்பட்டவர் மட்டுமே மேடை ஏறலாம், அப்படி ஏறியவரை யாரும் இறக்கக் கூடாது.

ஆகவே, அன்று ஆறு நாற்பதுக்குத் திரைக்குப் பக்கத்திலிருந்து தலைவரின் குரல் கணீரென்று சொன்னது: "இத்துடன் வரவேற்புரை முடிந்தது. அடுத்து, டோக்கன் அக்காவின் பலகுரல்." சொல்லிவிட்டு அக்கா மேடை ஏறினாள். தலைவர் கையிலிருந்த தாளில் 'இறக்கு' என்று எழுதிச் செயலாளரிடம் நீட்டினார். செயலாளர் கண்ணாடியை மாட்டி, விதியை இரண்டு தடவை படித்தார்.

"குரல் தலைவரோடதுதான். விதிப்படி சரியா இருக்கு."

'அது நான் இல்லை' என்று எழுதினார் தலைவர்.

"நீங்கதான் அறிவிக்கணும்னு இதுல இல்லையே சார். குரல்னுதான் எழுதியிருக்கீங்க."

அக்கா தலைவரின் குரலை மேசை மேல், தண்ணீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு தன் சொந்தக் குரலில் பேசினாள். கொஞ்சம் கரகரப்பான, அவசரமான குரல். அது அவளுடையது என்று அவள் கணவருக்கே உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இத்தனை வருஷமா அடுத்தவங்க குரல்லயே பேசிட்டேன். இன்னைக்கு என்னோடது. வருஷத்துக்கு ஆறே நிமிஷம்தான் எனக்கு வாய். அதையும் பிடுங்கப் பாத்தீங்களே சார், இது அடுக்குமா? கோளாறுன்னு சொல்லுங்க, விதிய மாத்துங்க. அடுத்த வருஷமும் வருவேன். அதுக்கடுத்த வருஷமும் வருவேன்."

அப்புறம் எண்களைப் பற்றிச் சொன்னாள். மருந்துச் சீட்டை மறந்துவிட்டுப் போய் அழுதுகொண்டே திரும்பி வந்த நாற்பத்தேழு. நோய் ஒன்றும் இல்லாமல், தன்னை யாராவது கூப்பிட வேண்டும் என்பதற்காகவே தினமும் டோக்கன் வாங்கிய நூற்றுப் பன்னிரண்டு. கூட்டம் சிரித்தது, பிறகு சிரிக்கவில்லை. ஆறாவது நிமிடம் செயலாளர் கடமை தவறாமல் மணியை ஆட்டினார். மணி ஒலிக்கவில்லை. அதன் சத்தத்தையும் அக்கா முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள். அவர் இன்னும் இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, மணியைக் கீழே வைத்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

அவள் முடித்தபோது மணி ஏழு ஐந்து. தலைவர் எழுந்துபோய்த் தன் குரலை எடுத்து, இருமிச் சரிபார்த்து, "வணக்கம்" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒன்பது விழாக்கள் நடந்துவிட்டன. தலைவர் அவரேதான். விதியும் அதேதான்; அதை அடித்துவிட்டால், தான் எழுதியது தப்பு என்று ஆகிவிடும் என்பதால் அவர் அதைத் தொடவில்லை. வரவேற்புரை ஐந்து நிமிடத்தைத் தொட்டதும் அவர் குரல் பழக்கதோஷத்தில் தானாகவே எழுந்து அக்காவிடம் போய்விடுகிறது. அவரும் நாற்காலியைத் தள்ளிப் போட்டு வழி விடுகிறார். அழைப்பிதழிலேயே இப்போது அச்சாகி வருகிறது. வரவேற்புரை: தலைவர், ஐந்து நிமிடம். அறிவிப்புகள்: தலைவரின் குரல். பலகுரல்: டோக்கன் அக்கா, அவர் முடிக்கும்வரை.