பாஸ் போட்டாச்சு

“என்னை ஃபெயிலாக்குங்க, சார்.”

அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாத சொல் அது. மகளை முதல் வகுப்பில் சேர்த்த நாளிலிருந்து அம்மா போட்ட தடை. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அந்த மகள். ஏறியவளே இறங்குகிறேன் என்றால்?

கைபேசித் திரையில் பேராசிரியர் தன் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார். “சத்தம் சரியா வரல. என்னம்மா சொன்ன?”

“ஃபெயில், சார். ஃபெயில். இப்பக் கேட்குதா?”

தையல் மெஷின்மேல் சாய்த்து வைத்திருந்த கைபேசி நழுவியது. பிடித்து நிறுத்தினாள். அந்த மெஷினை மிதித்த அப்பா விடியற்காலையில் போய்விட்டார், முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. மருத்துவப் படிப்பின் கடைசி வாய்மொழித் தேர்வு, கைபேசி வழியாக, பதினொரு மணிக்கு. “அந்த மனுசன் பார்க்க ஆசைப்பட்டது இது ஒண்ணுதான்டி, போய் உக்காரு” என்று அம்மாதான் தள்ளிவிட்டாள். அண்ணன் கதவுக்கு வெளியே காவல்.

“அப்பா விஷயம் கேள்விப்பட்டேன்மா. நீ இன்னிக்கு வந்திருக்கவே வேண்டாம். பாஸ் போட்டாச்சு. எல்லாருக்கும் போட்டாச்சு.”

“கேள்வி கேட்காமலேவா?”

“சூழ்நிலை அப்படி.”

சூழ்நிலை! இரண்டு வருடமாக இதே பாட்டு. கொரோனாவில் ஊர் முடங்கி, மாணவர்களுக்கு வார்டு பூட்டப்பட்டு, நோயாளிகளெல்லாம் திரையில் படமாகிவிட்டார்கள். நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் பயிற்சிக்குத் தலையணையைக் கேமரா முன் வைக்கச் சொன்னார்கள். அப்பா விடுவாரா? வெட்டுத் துணிகளைத் திணித்து, ஆள் மார்பளவுக்கு ஒரு மெத்தை தைத்தார். நடுவில் சாக்கட்டியால் பெருக்கல் குறி. “எந்திரி மாப்ளே, டாக்டரு வந்துட்டா” என்று அதனோடு பேசுவார். அவளுக்கு இருபதுக்கு இருபது.

“விடியக்காலை எங்கப்பாவுக்கு மூச்சு நின்னுது, சார். அழுத்தினேன். முப்பதுகூட எண்ணல, விலா எலும்பு மடக்குன்னுச்சு. அப்பாவை உடைச்சுட்டேன்னு கையை எடுத்துட்டேன்.”

பேராசிரியர் திரைக்கு அருகே குனிந்தார்.

“அப்புறம் ஆம்புலன்ஸ்காரர் வந்து சொல்றாரு, ‘எலும்பு உடையறது சகஜம்மா, நிறுத்தக் கூடாது’ன்னு. அவருக்குத் தெரியுது. இருபது வாங்கினவளுக்குத் தெரியல. துணி உடையாதே, சார்!”

“நிறுத்தாம இருந்தாலும் பிழைச்சிருப்பார்னு சொல்ல முடியாதும்மா.”

“அது எனக்கும் தெரியும். நான் அடுத்த ஆளைப் பத்திப் பேசறேன்.”

சொல்லி முடித்ததும் உடம்பு பரபரத்தது. சாவு வீட்டில் இப்படி ஒரு வேகமா என்று வெட்கமாகக்கூட இருந்தது.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “வார்டு திறந்து ஒரு வாரமாச்சு. இந்த வருஷத்தைத் திரும்பப் பண்றேன்னு எழுதிக் குடுத்தா சேர்த்துக்கலாம். ஆனா ஒரு மணிக்கு மார்க்கை ஏத்திடுவாங்க. அதுக்குள்ள கடிதம் நேர்ல வரணும். இன்னிக்கு உன்னால...”

“வரேன், சார்.”

அம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “பாஸ்னு காதுல விழுந்துச்சே. அப்பாகிட்டப் போய்ச் சொல்லட்டுமா?”

அவள் கைபேசியை அணைத்தாள். “சொல்லாதம்மா. இன்னும் ஒரு வருசம் படிக்கப் போறேன்.”

“பாஸ் போட்ட பிறகு எவளாவது திரும்பப் படிப்பாளா? பைத்தியமாடி உனக்கு? ஊரே சிரிக்கும்!”

“சிரிக்கட்டும். அவங்களுக்கு மூச்சு நின்னா நான்தானே போகணும்.”

நீயாவது சொல்லேன் என்பதுபோல் அம்மா அண்ணனைப் பார்த்தாள். வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த அவன், ஒரு வெள்ளைத் தாளைத் தேடி எடுத்து நீட்டினான்.

“சீக்கிரம் எழுது. பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா அவ்வளவுதான். நீ வராம அப்பாவை எடுக்க மாட்டோம்.”

நான்கே வரி. கையெழுத்து கோணியது, மாற்றி எழுத நேரமில்லை.

முன்னறையில் அவளைப் பார்த்ததும் அழுகை கூடியது. அப்பாவின் சட்டையில் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. குனிந்து சரிசெய்தாள். மார்பின்மேல் கை ஒரு கணம் நின்றது.

“எங்கம்மா கிளம்பிட்ட, இந்த நேரத்துல?” என்றார் சித்தப்பா.

“வார்டுக்கு, சித்தப்பா.”

வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. தன்னுடையதைத் தேடிப் பார்த்தாள், ஒன்றுதான் கிடைத்தது. மறுகாலுக்கு எதிர்ப்பட்டதை மாட்டிக்கொண்டாள். பெரிய செருப்பு, யாருடையதோ. டப் டப்பென்று தெருவில் அறைந்துகொண்டு அது பின்னால் வர, அவள் பஸ்ஸை நோக்கி வேகமாக நடந்தாள்.