கொப்பியில் இல்லாத பெயர்

பொது மன்னிப்பு என்ற பேச்சை நான் ஊரறிய எதிர்த்தது 2005ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில். மொன்ட்ரியாலில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, எங்கள் மாதா கோயில் மண்டபத்தில் எல்லோரும் பற்றிஸும் தேநீருமாக நின்றார்கள். விசா இல்லாமல் நாட்டில் தங்கிவிட்டவர்கள் எல்லோருக்கும் வதிவிட உரிமை கொடுக்க வேண்டும் என்று ஒட்டாவாவுக்கு ஒரு மனு. அதைக் கையில் வைத்துக்கொண்டு மேசை மேசையாகக் கையெழுத்து வாங்கியவள் வேறு யாருமல்ல, என் மகள் றொஷினி. பத்தொன்பது வயது. செஜெப் கல்லூரியில் படிக்கிறாள். பிரெஞ்சில் வெள்ளைக்காரரையே வாயடைக்க வைப்பாள்.

கிறிஸ்தோப்பர் அண்ணைதான் தொடக்கி வைத்தார். "வரிசையில நிண்டு வந்த நாங்கள் என்ன விசரரோ? நாலு வருஷம் வழக்காடி, பேந்து மனுசி பிள்ளையளைக் கூப்பிட அஞ்சு வருஷம். இப்ப இவைக்கு ஒரு கையெழுத்தோட எல்லாம் சரியோ?"

"அதுகள் எங்கை போறது அண்ணை?" என்றார் பாடகர் குழு அல்போன்சம்மா. "அங்கை திரும்பவும் சண்டை துவங்கப் போகுது எண்டு கதைக்கினம்."

நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தேன். "பாவம் எண்டா எல்லாரும் பாவந்தான். நான் எட்டு வருஷம் பெத்த பிள்ளையின்ர முகம் பாக்காமல் இருந்தனே, எனக்கு ஆர் மனுக் குடுத்தது? சிலபேர் நோகாமல் நொங்கு குடிக்கப் பாக்கினம். நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

றொஷினி மனுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "உங்களுக்குக் கிடைக்காதது வேற ஒருத்தருக்கும் கிடைக்கக் கூடாதோ?" என்று கேட்டாள். அவ்வளவு பேருக்கும் முன்னால்.

என் கண் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்ற அக்னெஸின் மேல் இருந்தது. சிலபேர் என்று நான் சொன்னது அவளைத்தான். அது அவளுக்கும் தெரியும். தலையைக் குனிந்து கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பணிவைப் பார்க்க எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

என் கதையைச் சொல்லாவிட்டால் நான் வெறும் பொல்லாதவள் என்று நினைப்பீர்கள். 1988இல் கடலுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. அடுத்த வருடம், மூன்று வயது றொஷினியை மன்னாரில் தங்கையிடம் விட்டுவிட்டு நான் மட்டும் வந்தேன். ஏஜென்சிக்காரன் பிள்ளையோடு கூட்டிப்போக மாட்டேன் என்றான். ஆறு மாதத்தில் கூப்பிட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் அகதி வழக்கு நாலு வருடம் இழுத்தது. பிறகு பிள்ளையின் பிறப்புப் பத்திரம் இல்லை, அந்தப் படிவம் சரியில்லை, இந்த முத்திரை இல்லை என்று இன்னொரு நாலு வருடம். அதற்குள் தங்கை இடம்பெயர்ந்து, என் பிள்ளை மடுக்கோயில் அகதி முகாமில் வளர்ந்தது. நான் சபனெல் வீதியில் தையல் தொழிற்சாலையில் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை தைத்தேன். 1997 மாசியில் மிராபெல் விமான நிலையத்தில் பதினொரு வயதுப் பெண்பிள்ளையாக வந்து நின்றாள். நான் கட்டிப் பிடித்தபோது, "அன்ரி, எனக்குக் குளிருது" என்றாள்.

பிறகு திருத்திக்கொண்டாள். அன்ரி என்பதை விட்டுவிட்டாள். ஆனால் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. "இஞ்சை", "கேட்டுதே", "சாப்பிட்டீங்களோ" என்று எட்டு வருடமாகப் பேர் சொல்லாத பேச்சு. தலை இழுத்துவிட நான் சீப்பை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

அக்னெஸ் 1999இல் வந்தாள், அமெரிக்க எல்லையால், மூன்று வயது அஜிதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு. அதே மூன்று வயது. அவள் நடந்த குளிரில், அவள் பட்ட பயத்தில், அவளுடைய பிள்ளை அவளுடைய இடுப்பில் இருந்தது. 2001இல் அவளுடைய அகதி வழக்கு தோற்றது. அவள் போகவில்லை. மொன்ட்ரியால்-நோர் பகுதியில் புஷ்பவதி என்ற சைவப் பெண்ணின் வீட்டு நிலக்கீழ் அறையில் இருந்தாள். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளினாள். கோயிலில் பூ வைப்பாள். பாடுவாள். எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். காகிதம் எல்லாம் என்னிடம் இருந்தது. பிள்ளை அவளிடம் இருந்தது. எனக்கு அவள்மேல் பொறாமை. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி செபமாலை மாதத்தில் மடுமாதாவின் சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டில் ஒரு நாள். மாதாவோடு ஒரு கொப்பியும் போகும். திகதி, விலாசம், வீட்டுக்காரரின் முழுப்பெயர். வருகிற ஞாயிறு பூசையில் அந்தப் பெயர்களை வாசித்து மன்றாடுவார்கள். றொஷினி மடுவிலிருந்து உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நேர்த்திக்கடனாக, 1997இலிருந்து சுரூபத்தைக் கொண்டுபோவதும் கொப்பி எழுதுவதும் என் பொறுப்பு.

2001 ஐப்பசியில் முதன்முறையாக மாதா அக்னெஸின் அறைக்குப் போனது. றொஷினி முன்னதாகவே அங்கே போயிருந்தாள். நான் சுரூபத்தை அணைத்துக்கொண்டு ஒடுங்கிய படியில் இறங்கிக் கதவைத் தள்ளினேன். அக்னெஸ் கட்டிலில் இருந்தாள். தலை பின்னி முடித்த அஜிதா பக்கத்தில் நின்றது. கீழே நிலத்தில், அக்னெஸின் முழங்கால்களுக்கு நடுவே, என் மகள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அவளுடைய தலைமயிர் மூன்று பிரிவாக அக்னெஸின் கைகளில் கிடந்தது.

செபமாலையில் என் வாய் அசைந்தது. மனம் எதையும் சொல்லவில்லை. முடிந்ததும் கொப்பியை விரித்தேன்.

"என்ர பேரை முழுசா எழுதுங்கோ அக்கா," என்றாள் அக்னெஸ். "மேரி அக்னெஸ் செபஸ்தியாம்பிள்ளை."

"வேண்டாம் பிள்ளை. உன்ர நிலமைக்கு இப்பிடிப் பேர் பதியிறது வில்லங்கம்."

"மாதாவுக்கு முன்னால நான் ஏன் ஒளிக்கோணும்? சனத்துக்கும் நான் ஒளிக்கேல்லையே. எழுதுங்கோ அக்கா."

நான் 'திருமதி புஷ்பவதி' என்று எழுதினேன். அடுத்த வருடமும் அவள் கேட்டாள், அதே பெயரை எழுதினேன். அதற்கடுத்த வருடமும் அப்படியே. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஞாயிறு பூசையில் மேல்வீட்டுச் சைவக்காரிக்காக முழுக் கோயிலும் மன்றாடியது. "யோசெப்பின் அக்காவின்ர புத்தியைப் பாருங்கோ, அந்தப் பிள்ளையைக் காப்பாத்தத்தான் பேரை மறைக்கிறா" என்று சனம் என்னை மெச்சியது. நானும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த மனு எங்கே போனதோ தெரியாது. கார்த்திகையில் ஒட்டாவாவில் அரசாங்கம் கவிழ்ந்து தேர்தல் வந்தது. மன்னிப்புப் பேச்சு அடங்கிப்போனது. எண்ணி இரண்டு கிழமையில் அக்னெஸுக்கு நாட்டை விட்டுப் போகச் சொல்லிக் கடிதம் வந்தது. மிஞ்சியது மனிதாபிமான விண்ணப்பம் ஒன்றுதான். இந்த இடத்திலே வேரூன்றிவிட்டேன், என்னைப் பிடுங்காதீர்கள் என்று தனியாளாகக் கேட்பது. அதற்கு அத்தாட்சி வேண்டும். அக்னெஸிடம் வாடகைச் சீட்டு இல்லை, மின்சார பில் இல்லை, எல்லாம் புஷ்பவதியின் பெயரில். அல்போன்சம்மாதான் சொன்னாராம்: "மாதாக் கொப்பி இருக்கே! அஞ்சு வருஷமும் மாதா அவளிட்டப் போயிருக்கிறா."

சட்டத்தரணி ஒரு வெள்ளைக்காரப் பெண். நானும் அக்னெஸும் அவருக்கு முன்னால் இருந்தோம். நடுவில் மொழிபெயர்க்க றொஷினி. கொப்பியில் ஐந்து இடத்தைத் தொட்டுக் காட்டினேன். இது யாருடைய பெயர் என்று கேட்டார். நான் ஆயத்தமாக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். "அவளின்ர பாதுகாப்புக்காக மறைச்சனாங்கள்."

றொஷினி அதைப் பிரெஞ்சில் சொன்னதும் சட்டத்தரணி பேனாவைக் கீழே வைத்தார். நீளமாக ஏதோ சொன்னார். றொஷினியின் முகம் மாறியது.

"அப்பிடி எழுதினால் அக்னெஸ் அன்ரிக்குத்தான் கூடாதாம். ஒளிச்சிருந்தவ எண்டு ஆயிடுமாம். அதிகாரி அதைத்தான் பிடிப்பானாம். ஒளிக்காமல், எல்லாருக்கும் தெரிய வாழ்ந்தவ எண்டு காட்டினால்தான் ஒரு வழி இருக்காம்." பிறகு அக்னெஸின் பக்கம் திரும்பினாள். "நீங்களோ அன்ரி பேரை மறைக்கச் சொன்னது?"

அக்னெஸ் என்னைப் பார்த்தாள். பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தாள். சப்பாத்திலிருந்து பனி உருகி விரிப்பில் வடிந்துகொண்டிருந்தது.

"எனக்கு ஞாபகமில்லை பிள்ளை," என்றாள்.

அவளுடைய கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது, அவள் என் மானத்தைக் காக்கிறாள். நன்றி வரவேண்டிய இடத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்லவளாக இருப்பதிலும் இவள் என்னை முந்த வேண்டுமா? பஸ்ஸில் வீடு வரும்வரை அதே எரிச்சல். அவள் போய்விட்டால் என்ன என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. போய்விட்டால் றொஷினி அவளிடம் ஓடாமல் ஞாயிறுகளில் வீட்டில் இருப்பாள். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. அந்த நினைப்பு இனித்தது. பிறகு, அஜிதாவுக்கு இப்போது ஒன்பது வயது என்பது நினைவில் வந்தது. ஒன்பது வயதில் என் பிள்ளை மடு முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் றொஷினியைக் குசினி மேசைக்குக் கூப்பிட்டேன். "பேப்பர் எடு. நான் சொல்லுறன், நீ பிரெஞ்சில எழுது."

எழுதினாள். நான் யோசெப்பின், கொப்பிக்குப் பொறுப்பானவள். ஐந்து வருடமும் மாதா அக்னெஸின் அறைக்குப் போனது. அவள் ஒளிக்கவில்லை. முழுப்பெயரையும் எழுதச் சொல்லி மூன்று வருடம் கேட்டாள். எழுதாமல் விட்டது நான்.

றொஷினி நிமிர்ந்தாள். "ஏன் எண்டு கேப்பினம். காரணம் இல்லாட்டி நம்பமாட்டினம்."

"எரிச்சல் எண்டு எழுது."

"என்ன எரிச்சல்?"

அடுப்பில் தேநீர்த் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எழுந்து போய் அணைத்தேன். அவளுடைய முகத்தைப் பார்க்காமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அவளின்ர பிள்ளை அவளோட இருந்தது. என்ர பிள்ளை என்னோட இருக்கேல்லை. அண்டைக்கு நான் மாதாவைக் கொண்டு வரேக்கை நீ அவளுக்கு முன்னால தலை பின்ன இருந்தாய். எனக்கு நீ ஒருநாளும் அப்பிடி இருக்கேல்லை. அதுக்காகத்தான் அவளின்ர பேரை எழுதேல்லை. அப்பிடியே எழுது."

பின்னால் பேனா ஓடும் சத்தம் கேட்டது. நான் சொன்னதைவிட நீளமாக எழுதுகிறாளோ என்று தோன்றியது. கேட்கத் துணிவு வரவில்லை.

"இஞ்சை ஒப்பம் வையுங்கோ," என்றாள். வைத்தேன். கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"மொழிபெயர்த்தது நான் எண்டு போடோணும்." பிரெஞ்சில் வாசித்தாள். எனக்குத் தொழிற்சாலைப் பிரெஞ்சு மட்டும்தான் தெரியும். அதில் இரண்டு சொல் பிடிபட்டது. மா மேர். என்னோடு தைக்கிற பெண்கள் மதியச் சாப்பாட்டில் தங்கள் அம்மாவைப் பற்றிச் சொல்லும் சொல். என் அம்மா சொன்னதை உள்ளபடி மொழிபெயர்த்தேன் என்று என் மகள் எழுதியிருக்கிறாள். நான் சுவரைத் துடைக்கிற சாட்டில் திரும்பிக்கொண்டேன்.

றொஷினி கடிதத்தை உறையில் போட்டாள். குளிர்ச்சட்டையை மாட்டினாள்.

"அக்னெஸ் அன்ரிக்கு வாசிச்சுக் காட்டிப்போட்டு வாறன். தலையும் பின்னிக்கொண்டுதான் வருவன், வரச் சுணங்கும்."

"ஓம். போட்டு வா," என்றேன்.

கதவு சாத்திக்கொண்டது. எரிச்சல் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. யன்னலில் நின்று அவள் பனிக்குள் வேகமாக நடப்பதைப் பார்த்தேன். அந்தக் கடிதம் பலித்தால் அக்னெஸ் இந்த ஊரிலேயே இருப்பாள், என் மகள் ஞாயிறு தவறாமல் அவளுடைய முழங்காலடியில் போய் இருப்பாள். அதற்கு நான்தான் ஒப்பம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.